எறும்பு மொய்த்த தூளித்துணி: சிஸ்டினோசிஸ் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

சிஸ்டினோசிஸ் என்பது சிஸ்டின் என்ற பொருள் உயிரணுக்களுக்குள் தேங்கிப் படிகமாகும் அரிய பரம்பரை நோய். இந்தக் குழந்தையின் நோயை முதலில் கண்டுகொண்டவர் அவளுடைய அப்பாயி. அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்க மேலும் ஆறு வாரங்கள் ஆயின. காவிரிக் கடைமடையில் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் அந்த ஆறு வாரங்களை மிச்சப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பெற்றோர் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்த வரலாறு

2019 அக்டோபர், ஐப்பசி மழை பிடிக்கத் தொடங்கிய வாரம். 1 வயது 10 மாதமான பெண் குழந்தையைத் தாயும் அப்பாயியும் தூக்கி வந்தார்கள். வேதாரண்யம் வட்டத்துக் கிராமம். தந்தை உப்பளத் தொழிலாளி. தாய் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. குழந்தை இன்னும் நிற்கவில்லை, எடை ஏறவில்லை, கால் வளைகிறது என்பது அவர்கள் சொன்ன குறை.

பிறந்தபோது எடை 2.9 கிலோ, நிறைமாதம், சுகப்பிரசவம். தாய்ப்பால் நன்றாகக் குடித்தாள். எட்டு மாதம் வரை தடுப்பூசி அட்டையில் எடைக்கோடு ஒழுங்காக ஏறியிருந்தது. அதற்குப் பிறகு கோடு படுத்துவிட்டது. ஏன் என்று கேட்டதும் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "கஜா புயலுக்கு அப்புறம்தான்."

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா கரையைக் கடந்தபோது இவள் பதினொரு மாதக் குழந்தை. கூரை போயிற்று, தென்னை சாய்ந்தது, உப்பளங்களைச் சேறு மூடியது. முகாமிலும் பிறகு தார்ப்பாய்க்குக் கீழும் பல வாரங்கள் இருந்தார்கள். குழந்தைக்கு வாந்தியும் காய்ச்சலும் வந்து வந்து போயின. அந்த ஆண்டு எங்கள் பகுதியில் எல்லா நோய்க்கும் புயல்தான் தொடக்கம். நானும் என் குறிப்பில் "புயலுக்குப் பிந்தைய ஊட்டக்குறைவு" என்று எழுதினேன். எடைக்கோடு படுத்தது புயலுக்கு இரண்டு மாதம் முன்பே, செப்டம்பரில். அட்டை என் கையில்தான் இருந்தது. நான் கவனிக்கவில்லை.

ஊரில் வேறு காரணமும் சொன்னார்கள். தாய் அடுத்த பிள்ளையை உண்டாகியிருந்ததால் மூத்தது சவலை பாய்ந்துவிட்டது என்றார்கள். தாயத்து கட்டி, மந்திரித்து, உரம் எடுத்தும் பார்த்திருந்தார்கள். இதில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. குழந்தை தேயும்போது கைக்கு எட்டியதையெல்லாம் செய்துபார்க்கும் குடும்பம் அது, செய்து பார்த்தார்கள்.

தாகம் பற்றி நானாகக் கேட்கவில்லை. அப்பாயிதான் சொன்னார். குழந்தை சொம்பை விட்டுப் பிரிவதில்லை. இரவில் ஐந்தாறு முறை எழுந்து தண்ணீர் கேட்டு அழுகிறாள். சோற்றைத் தொடமாட்டாள், ஆனால் கல்லுப்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள், மாவடு ஜாடியை நக்குகிறாள். தூளித்துணி பிழியப் பிழிய ஈரம். "தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் குறையும்" என்று யாரோ சொல்லிக் கோடைக்காலத்தில் சில நாட்கள் இரவில் தண்ணீர் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்து, கண் உள்ளே போய், மயங்கிவிட்டாள். அன்றோடு விட்டுவிட்டார்கள்.

புறப்படும்போது அப்பாயி வாசலில் நின்று திரும்பி, "டாக்டரம்மா, இன்னொன்று. துவைக்கப் போட்ட தூளித்துணியில் எறும்பு மொய்க்கிறது" என்றார்.

உடனே குழந்தையின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். 92. நீரிழிவு இல்லை, கவலைப்படாதீர்கள் என்று அனுப்பினேன். அந்த 92 என்னைச் சமாதானப்படுத்திவிட்டது. எறும்பு மொய்த்தது சிறுநீரில். நான் பார்த்தது இரத்தத்தை.

முதல் பரிசோதனையும் என் முதல் முடிவும்

எடை 7.4 கிலோ, உயரம் 73 சென்டிமீட்டர். அந்த வயதுக்கு 11 கிலோவும் 84 சென்டிமீட்டரும் நடுவளவு. மணிக்கட்டு தடித்திருந்தது. விலா எலும்புகளின் முனைகளில் மணிமாலை போல் முடிச்சுகள். முன்னுச்சி இன்னும் மூடவில்லை. கால்கள் வில்லாக வளைந்திருந்தன. தோல் உலர்ந்திருந்தது. மூளை வளர்ச்சியில் குறையே இல்லை; என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி மேசையில் கிறுக்கினாள், வெளியே மாடு கத்தியதும் அதைக் காட்டிச் சிரித்தாள்.

இது ரிக்கெட்ஸ், எலும்பு சரியாக இறுகாமல் வளையும் நோய். அதில் பிழை இல்லை. வெயில் கொளுத்தும் நாகப்பட்டினம் மாவட்டத்திலும் வைட்டமின் டி குறைந்த குழந்தைகளை வாரந்தோறும் பார்க்கிறோம். 3 இலட்சம் அலகு வைட்டமின் டி கொடுத்து, சுண்ணாம்புச்சத்து மருந்து எழுதி, நான்கு வாரம் கழித்து எக்ஸ்ரேவுடன் வரச் சொன்னேன்.

வைட்டமின் டி குறைவால் வந்த ரிக்கெட்ஸ் என்றால் நான்கு வாரத்தில் எலும்பு முனையில் புதிதாகச் சுண்ணாம்பு படிந்து வெள்ளைக் கோடு தெரியும். ஆறாம் வாரம் பார்த்த இவளுடைய படத்தில் கோடு இல்லை. முனை முன்போலவே கிண்ணம் போலக் குழிந்து, நார் நாராகப் பிரிந்திருந்தது. வைட்டமின் டி அளவு இப்போது 38 நானோகிராம், போதுமான அளவு. மருந்து உடம்பில் சேர்ந்திருக்கிறது, எலும்பு தேறவில்லை. அப்படியென்றால் எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட் வேறெங்கோ வழிந்து போகிறது.

அப்போதுதான் எறும்பு நினைவுக்கு வந்தது. சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்தேன். சர்க்கரைக் கட்டம் நிறம் மாறி மூன்று கூட்டல் குறியில் நின்றது. புரதம் இரண்டு கூட்டல். அதே நேரம் எடுத்த இரத்தச் சர்க்கரை 88.

இரத்தச் சர்க்கரை 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்க வேண்டும். 88இல் இறங்குகிறது என்றால் குற்றம் கணையத்தில் இல்லை. சிறுநீரகத்தில் வடிகட்டிய நீரிலிருந்து உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் முதல் நுண்குழல் பழுதாகிவிட்டது. சர்க்கரை, பாஸ்பேட், பொட்டாசியம், பைகார்பனேட், அமினோ அமிலங்கள், உப்பு, நீர் எல்லாம் கைவிட்டுப் போகின்றன. சூரிக்கில் குழந்தைகள் மருத்துவராக இருந்த கைடோ ஃபான்கோனியின் பெயரால் இதை ஃபான்கோனி நோய்க்குறித் தொகுதி என்கிறோம். உப்பை நக்கியதும் இரவெல்லாம் தண்ணீர் கேட்டதும் குழந்தையின் அடமோ பழக்கமோ இல்லை. இழந்ததை அவள் தன்னால் முடிந்த வழியில் ஈடுசெய்துகொண்டிருந்தாள்.

ஆய்வக முடிவுகள்

அன்றே சேர்த்துக்கொண்டோம். சோடியம் 132, பொட்டாசியம் 2.4, குளோரைடு 110, பைகார்பனேட் 13; பொட்டாசியமும் பைகார்பனேட்டும் மிகக் குறைவு. பாஸ்பேட் 1.9 மில்லிகிராம், இந்த வயதில் 4க்கு மேல் இருக்க வேண்டும். கால்சியம் சரியாக இருந்தது. எலும்பு நோயில் ஏறும் நொதியான அல்கலைன் பாஸ்பேட்டேஸ் 1480, மிக அதிகம். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 0.5. பெரியவர்களுக்கான அளவுகோலில் 0.5 என்பது நல்ல எண். ஆய்வகச் சீட்டிலும் அதற்கு எதிரே எந்தக் குறியும் இல்லை. 73 சென்டிமீட்டர் குழந்தைக்குக் கணக்கிட்டால் வடிகட்டும் திறன் 60 அளவில்தான் வருகிறது. சீட்டில் குறி இல்லாததால் நழுவிப்போகும் சிறுநீரகங்கள் நிறைய.

24 மணி நேரச் சிறுநீரை அளப்பது அந்த வயதில் கடினம். அப்பாயி விடாமல் கூடவே இருந்து பையை மாற்றி மாற்றிச் சேர்த்துக் கொடுத்தார்: 2.1 லிட்டர். ஏழரைக் கிலோ எடையுள்ள குழந்தை. குடித்தது 2.4 லிட்டர். வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியில் எல்லா வகை அமினோ அமிலங்களும் அளவுக்கு மீறி இருந்தன.

இரண்டு வயதுக்குள் ஃபான்கோனி வந்தால் முதலில் நினைக்க வேண்டியது சிஸ்டினோசிஸ். கல்லீரலைத் தாக்கும் டைரோசினீமியா, பால் சர்க்கரை ஒவ்வாத கேலக்டோசீமியா, பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்குக் கண்புரையோடு வரும் லோ நோய் ஆகியவையும் பட்டியலில் உண்டு. கல்லீரல் சோதனைகள் சரியாக இருந்தன, கண்புரை இல்லை, பால் குடித்து எட்டு மாதம் நன்றாக வளர்ந்த பெண் குழந்தை. அந்த மூன்றும் விலகின.

கண்ணில் தெரிந்த படிகம்

சிஸ்டினோசிஸை உறுதிப்படுத்த இரத்த வெள்ளணுக்களில் சிஸ்டின் அளவைப் பார்க்க வேண்டும். இரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் வெள்ளணுக்களைப் பிரித்து உறையவைத்து அனுப்ப வேண்டும். நான் பணியாற்றும் ஊரில் அதற்கு வழியில்லை. மரபணுச் சோதனை முடிவு வர வாரங்கள் ஆகும். எலும்பு மச்சையில் படிகம் தேடலாம். ஆனால் சிஸ்டின் படிகம் நீர் கலந்த பதப்படுத்தும் திரவங்களில் கரைந்துவிடும், ஆல்கஹாலில் எடுத்து வைத்தால்தான் நிற்கும். அந்தக் குத்தலை இந்தக் குழந்தைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவசியமும் இருக்கவில்லை.

கண் இருக்கிறதே. சிஸ்டினோசிஸ் குழந்தைகளின் கருவிழியில் பிறக்கும்போது படிகம் இருப்பதில்லை. ஏறக்குறைய 16 மாதம் ஆவதற்குள் எல்லோருக்கும் படிந்துவிடுகிறது. வெறும் கண்ணால் பார்க்க முடியாது. கண் மருத்துவர்களிடம் இருக்கும் ஸ்லிட் லாம்ப் என்ற பிளவு ஒளி விளக்கு போதும். டெல்டாவில் கண்ணாடி எழுதித் தரும் சிறிய கண் மருத்துவமனைகளில்கூட அந்த விளக்கு உண்டு.

மறுநாள் காலை குழந்தையைச் சேலையில் சுற்றி அப்பாயி மடியில் உட்கார்த்தி, தாய் தலையைப் பிடித்துக்கொள்ள, கண் மருத்துவர் விளக்கின் ஒளிக்கீற்றைக் கருவிழியின் குறுக்கே செலுத்தினார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கருவிழியின் முன்பகுதி முழுவதும் ஊசி ஊசியாக, வண்ண வண்ணமாக மின்னிக்கொண்டிருந்தது. குழந்தை அழுது கண் அசையும்போதெல்லாம் மினுக்கம் இடம் மாறியது. இத்தனை அழகான ஒன்றைப் பார்த்து இவ்வளவு வேதனைப்பட்டது எனக்கு அதுவே முதல் முறை.

மரபணுச் சோதனை முடிவு 2020 ஜனவரியில் வந்தது. 17ஆம் குரோமோசோமில் உள்ள சி.டி.என்.எஸ். மரபணுவின் இரு பிரதிகளிலும் ஒரே மாற்றம் இருந்தது.

என்ன நடக்கிறது உடம்பில்

சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இரண்டு சேர்ந்து கந்தகப் பிணைப்பால் கோத்துக்கொண்டால் அது சிஸ்டின். உயிரணுவுக்குள் பழைய புரதங்களைச் சிதைக்கும் பை லைசோசோம். அங்கே உண்டாகும் சிஸ்டினை வெளியேற்ற அந்தப் பையின் சுவரில் சிஸ்டினோசின் என்ற ஒரு வாயில் இருக்கிறது. அந்த வாயிலைக் கட்டும் கட்டளை சி.டி.என்.எஸ். மரபணுவில் உள்ளது. வாயில் இல்லாவிட்டால் சிஸ்டின் உள்ளேயே தேங்குகிறது. அது நீரில் எளிதில் கரையாத பொருள். தேங்கத் தேங்கப் படிகமாகிறது. சிறுநீரக நுண்குழல் முதலில் பழுதாகிறது. கருவிழி, தைராய்டு, கணையம், தசை, மூளை என்று மற்ற உறுப்புகள் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படுகின்றன.

இதை நான் பெற்றோரிடம் இரண்டு முறை விளக்கினேன். படம் வரைந்தும் காட்டினேன். தாய் தலையசைத்தாரே ஒழிய அவருக்குப் பிடிபடவில்லை என்று தெரிந்தது. அதுவரை பேசாமல் நின்ற தந்தை மனைவி பக்கம் திரும்பி, "பாத்தியில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு மடையை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? உப்பு பூக்கும். பிள்ளை உடம்பில் பாத்தி பாத்தியாக மடை அடைத்திருக்கிறது" என்றார். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இன்றுவரை மற்ற பெற்றோரிடமும் அதையே சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் அன்றே திருத்த வேண்டியிருந்தது. படிவது உப்பு இல்லை. உப்பளத்துக் காற்றாலோ கடைமடையின் உப்புத் தண்ணீராலோ குழந்தை நக்கிய கல்லுப்பாலோ இது வரவில்லை. இந்தக் குழந்தைக்கு உப்பையும் தண்ணீரையும் ஒருபோதும் மறுக்கக் கூடாது. தெருவில் யார் என்ன சொன்னாலும் மறுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன்.

பெயர் குழப்பம் மருத்துவர்களிடமும் உண்டு. 1810இல் வொல்லாஸ்டன் சிறுநீர்ப்பைக் கல் ஒன்றிலிருந்து கண்டெடுத்த பொருள்தான் பிறகு சிஸ்டின் என்று பெயர் பெற்றது. கல் உண்டாக்கும் நோய் சிஸ்டினூரியா. அது வேறு மரபணு, வேறு நோய். சிஸ்டினோசிஸில் பொருள் உயிரணுவுக்குள்ளேயே அடைபடுகிறது. உள்ளுறுப்புகளில் சிஸ்டின் படிகங்கள் நிறைந்து இறந்த குழந்தையைப் பற்றி 1903இல் முதலில் எழுதியவர் அப்டர்ஹால்டன். எங்கள் குழந்தையின் சீட்டை ஒரு இடத்தில் சிஸ்டினூரியா என்று படித்து, கல் இருக்கிறதா என்று ஸ்கேன் எழுதித் தந்தார்கள். ஒரு நாள் கூலி வீணாயிற்று.

அப்பாயியின் கேள்வி

குழந்தையின் தாய், தந்தைக்கு அக்காள் மகள். ஆகவே இந்த அப்பாயி தந்தைக்குத் தாய், தாய்க்கு அம்மாயி. இரு பக்கமும் அவர் ஒருவரே. கல்யாணத்தைப் பேசி முடித்ததும் அவரே. மரபணு முடிவைச் சொன்ன அன்று எல்லோரும் வெளியே போன பிறகு தனியாக வந்து, "நான் கட்டிவைத்ததால்தானா?" என்று கேட்டார்.

உண்மையை மழுப்பக் கூடாது என்று நினைத்தேன். அவரிடமோ அவருடைய கணவரிடமோ இருந்த ஒரே ஒரு மாற்றம் மகன் வழியாக ஒன்றும், மகள், பேத்தி வழியாக ஒன்றும் இறங்கி இந்தக் குழந்தையிடம் இரண்டாகச் சேர்ந்திருக்கிறது. உறவில் மணம் செய்யும்போது அப்படிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் உறவே இல்லாத இருவருக்கும் இந்த நோயோடு குழந்தைகள் பிறக்கின்றன. உலகில் 1 இலட்சம் முதல் 2 இலட்சம் பிறப்புகளில் ஒன்று என்று கணக்கு. ஒரு மாற்றத்தைச் சுமப்பவர்களுக்கு எந்த நோயும் தெரியாது, தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இருந்ததில்லை. இவ்வளவையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. அதன்பிறகு ஒரு மருந்து வேளையைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

தாய் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்று சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இருந்தது. அதைவிடக் கடினமான உரையாடலை அந்த ஆண்டு நான் நடத்தவில்லை.

சிகிச்சை

இழப்பை ஈடுகட்டுவது முதல் வேலை. பொட்டாசியம் சிட்ரேட், பைகார்பனேட், பாஸ்பேட் கரைசல், செயல்படும் நிலை வைட்டமின் டி. தண்ணீர் வேண்டிய மட்டும். மூன்று வாரத்தில் பைகார்பனேட் 20ஐத் தொட்டது. ஐந்தாம் வாரம் குழந்தை சுவரைப் பிடித்து நின்றாள்.

படிகத்தைக் கரைக்கும் மருந்து ஒன்றுதான்: சிஸ்டியமின். அது லைசோசோமுக்குள் போய்ச் சிஸ்டினைப் பிளந்து ஒரு பாதியோடு தான் சேர்ந்துகொள்கிறது. அந்தக் கூட்டுப்பொருள் லைசின் போகும் வேறொரு வாயில் வழியாக வெளியே போய்விடுகிறது. அடைத்த மடையைத் திறக்க முடியாதபோது வரப்பில் வேறு வாய்மடை வெட்டுவது போல என்று தந்தையிடம் சொன்னேன். உயிரணுக்களில் இது வேலை செய்வதை 1976இல் காட்டினார்கள். அமெரிக்காவில் 1994இல் ஒப்புதல் கிடைத்தது. மரபணு கண்டுபிடிக்கப்பட்டது 1998இல்தான்; நோயின் காரணம் முழுதாகத் தெரியும் முன்பே மருந்து வந்துவிட்டது. சிகிச்சை இல்லாவிட்டால் பத்து வயதை ஒட்டிச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும். மருந்து சீக்கிரம் தொடங்கினால் அந்த நாள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது. ஃபான்கோனி மட்டும் முழுமையாகத் திரும்புவதில்லை.

மருந்து எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் இல்லை. கைக்கு வர பதினொரு வாரங்கள் ஆயின. 2020 பிப்ரவரி கடைசியில் தொடங்கினோம். உடற்பரப்புக்கு ஏற்ப அவளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிகிராம் வேண்டும். ஆறில் ஒரு பங்கில் தொடங்கி ஆறு வாரத்தில் ஏற்ற வேண்டும். பாதி ஏற்றியபோது மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. கையிருப்பு தீர்ந்து பன்னிரண்டு நாட்கள் மருந்து இல்லாமல் இருந்தாள். அந்தப் பன்னிரண்டு நாட்களில் தந்தை என்னைக் கூப்பிடாத நாளே இல்லை.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டிய மருந்து இது. ஒரு வேளை தவறினால் சிஸ்டின் மீண்டும் சேரத் தொடங்குகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை போதும் என்ற வகை வெளிநாட்டில் 2013 முதல் இருக்கிறது. விலையைக் கேட்ட பிறகு அதைப் பற்றி இந்தக் குடும்பத்தில் யாரும் பேசவில்லை. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பன்னிரண்டு. வெயிலுக்கு முன் உப்பு வார வேண்டும் என்பதால் தந்தை நடுநிசி தாண்டியதும் வேலைக்குக் கிளம்புவார். இரவு பன்னிரண்டு மணி வேளை அவருடையது. மற்ற மூன்றும் அப்பாயி. மூச்சிலும் வியர்வையிலும் அழுகிய முட்டை வாடை வருகிறது. முதல் மாதங்களில் வாந்தி அதிகம். வாந்தி எடுத்தால் எத்தனை நிமிடத்துக்குள் எடுத்தாள் என்று பார்த்து மறுபடி கொடுப்பதா என்று முடிவு செய்ய அப்பாயி கற்றுக்கொண்டார்; அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

கருவிழிக்கு இரத்தக் குழாய் இல்லாததால் வாயால் கொடுக்கும் மருந்து அங்கே எட்டாது. தனியாகச் சொட்டு மருந்து வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை விட வேண்டும் என்கிறது நூல். நடைமுறையில் ஆறு முறை விடுகிறார்கள். அதைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. தெருமுனைக் கடைக்காரர் தன் பெட்டியின் மேல்தட்டில் ஒரு மூலையை இந்தக் குழந்தைக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார். ஐந்து ஆண்டுகளாகக் காசு வாங்கியதில்லை.

தம்பி

2020 பிப்ரவரியில் தம்பி பிறந்தான். எடை 3.1 கிலோ. பத்தாம் நாள் எடுத்த இரத்த மாதிரியின் முடிவு ஊரடங்கால் தாமதமாகி ஜூனில் வந்தது. அவனுக்கும் இரு பிரதிகளிலும் அதே மாற்றம்.

அன்று அவனுக்கு நான்கு மாதம். கொழுகொழுவென்று சிரித்துக்கொண்டிருந்தான். பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. சிறுநீரில் சர்க்கரை அப்போதுதான் இலேசாகத் தெரிந்தது. நோய் வெளியே தெரியாத குழந்தைக்கு நாற்றமடிக்கும் மருந்தை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுக்கச் சொன்னேன். பெற்றோர் ஒரு கேள்வியும் கேட்காமல் அன்றிரவே தொடங்கினார்கள். அக்காளைப் பார்த்தவர்கள் அவர்கள்.

அவனுக்கும் பாஸ்பேட்டும் பைகார்பனேட்டும் தேவைப்பட்டன. அளவு குறைவு. கால் வளையவில்லை. பதினான்காம் மாதம் நடந்தான்.

இப்போதைய நிலை

2025 ஜனவரி, பொங்கல் கழிந்து வந்தார்கள். தம்பிக்கு ஐந்து வயது ஆகப்போகிறது: 102 சென்டிமீட்டர், 15.4 கிலோ, கிரியாட்டினின் 0.5, வடிகட்டும் திறன் 84 அளவில். அக்காளுக்கு 7 வயது: 103 சென்டிமீட்டர், 16.5 கிலோ, கிரியாட்டினின் 1.0, திறன் 42. இருவரையும் சுவரில் சாய்த்து நிற்கவைத்து அளந்தபோது தலைகள் ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்றன. தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரே வீடு, ஒரே மாற்றம், ஒரே மருந்து. வேறுபாடு, மருந்து தொடங்கிய வயதில்தான்: இவனுக்கு 4 மாதம், அவளுக்கு 2 வயது 2 மாதம். அதில் ஆறு வாரம் என்னுடையது.

அவளுக்குத் தைராய்டு சுரப்பு கடந்த ஆண்டு குறைந்தது, மாத்திரை கொடுக்கிறோம். வெயில் ஒளியில் கண் கூசுகிறது. உப்புக் குவியல்களின் பக்கம் கண்ணைத் திறக்கவே முடியவில்லை என்பதால் தந்தையின் இடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பள்ளியில் இரண்டாம் வகுப்பு. கணக்கில் கெட்டி. ஆசிரியை அவளைக் கதவோரம் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலும் கழிப்பறைக்குப் போகும் அனுமதியும் கேட்காமலே கிடைக்கும்படி செய்திருக்கிறார்.

ஒரு சோதனைப் பட்டை

பின்னோக்கிப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. 2019இல் தாய் ஒவ்வொரு மாதமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போனார். ஒவ்வொரு முறையும் அவருடைய சிறுநீரில் சர்க்கரையும் புரதமும் பார்த்து அட்டையில் எழுதினார்கள். அந்த நாட்களிலெல்லாம் மூத்த குழந்தை அவர் இடுப்பிலேயே இருந்தாள். அதே பட்டையில் இன்னொன்றை எடுத்து அவளுடைய ஈரத்துணியில் ஒற்றியிருந்தாலே போதும். யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, என்னிடம் நேராகவே சொல்லியும்.

எடை ஏறாத, அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிற, ரிக்கெட்ஸ் தேறாத குழந்தை யாராக இருந்தாலும் சிறுநீரில் சர்க்கரை பாருங்கள். இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்து சிறுநீரில் இருந்தால் அன்றே பொட்டாசியம், பாஸ்பேட், பைகார்பனேட் பாருங்கள். பிறகு பக்கத்துக் கண் மருத்துவரிடம் ஸ்லிட் லாம்பில் கருவிழியைப் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஒன்றரை வயது ஆகவில்லை என்றால் படிகம் தெரியாமலும் இருக்கலாம், அதனால் நோய் இல்லை என்று ஆகாது. இவற்றுக்காகத் தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ போக வேண்டியதில்லை. எல்லாம் நம் ஊர்களிலேயே இருக்கின்றன.

அடுத்த கட்டம் மாற்றுச் சிறுநீரகம். எப்போது என்று சொல்ல முடியாது. அவளுடைய எண்கள் இறங்கும் வேகத்தைப் பார்த்தால் பதின்வயதில் வரக்கூடும். புதிய சிறுநீரகத்தில் இந்த நோய் திரும்ப வராது. அதன் உயிரணுக்களில் வாயில் இருக்கும். மற்ற உறுப்புகளுக்காகச் சிஸ்டியமின் மட்டும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். பெற்றோர் இருவரும் ஒரு மாற்றத்தைச் சுமப்பவர்கள்தான் என்றாலும் கொடுக்கத் தடையில்லை.

இதைச் சொன்னபோது அவர்கள் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள் என்று தெரிந்தது. உப்பளத்தில் நாளெல்லாம் உப்புநீரில் நிற்கிறவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேண்டும், ஆகவே கொடுப்பது தான்தான் என்றார் தாய். இருவரையும் பரிசோதித்த பிறகுதான் அது முடிவாகும், இன்னும் காலம் இருக்கிறது என்றேன். தந்தை ஒன்றும் சொல்லாமல் இருவருடைய இரத்த வகைச் சீட்டுகளையும் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். குழந்தையின் கோப்பில் சேர்த்துக்கொண்டேன்.